சஃபோக் கிராமத்துப் பழைய சர்ச்சுகளைப் பார்க்கப் போகிறீர்களா? முதல் தடவை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தின் கிழக்கே, சஃபோக் கவுண்டியில் மட்டும் இடைக்காலத்தில் கட்டிய சர்ச்சுகள் சுமார் 500 நிற்கின்றன. பக்கத்து நார்ஃபோக்கில் 600-க்கும் மேல். கோதுமை வயல்களுக்கு நடுவே, ஐம்பது வீடுகூட இல்லாத ஊரில், ஒரு நகரத்துக்கே போதுமான பெரிய கல் கட்டடம் நிற்கும். டிக்கெட் கிடையாது, காவலாள் கிடையாது. நீங்களே கதவைத் திறந்து உள்ளே போய், அறுநூறு வருடத்து மரச் சிற்பத்தின் முன் தனியாக நிற்கலாம்.

ஆனால் யாரும் இல்லை என்பதால் வழி சொல்லவும் ஆள் இல்லை. எப்போது திறக்கும், சாவி யாரிடம், பஸ் உண்டா, கழிப்பறை எங்கே என்று எல்லாவற்றையும் நான் தட்டுத்தடுமாறித்தான் தெரிந்துகொண்டேன். பூட்டிய கதவு முன்னால் மழையில் நிற்பது எப்படி இருக்கும் என்பது நன்றாகவே தெரியும். உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம். லண்டனில் படிக்கிறவர்கள், வேலை பார்க்கிறவர்கள், ஊரிலிருந்து சுற்றுலா வருகிறவர்கள் எல்லோரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். கட்டணங்கள் மாறக்கூடியவை. நான் தரும் தொகைகள் 2025-இல் இருந்தவை.

1. மாதத்தையும் கிழமையையும் முதலில் முடிவு செய்யுங்கள்

மே முதல் செப்டம்பர் வரை போங்கள். குளிருக்காக மட்டும் சொல்லவில்லை, வெளிச்சத்துக்காகச் சொல்கிறேன். பல சர்ச்சுகளின் அறிவிப்புப் பலகையில் "காலை 10 முதல் மாலை 4 வரை" என்றோ "பொழுது சாயும்வரை" என்றோதான் இருக்கும். டிசம்பரில் சஃபோக்கில் மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். உள்ளே விளக்கு எரியும் என்று எண்ணிப் போகாதீர்கள். ஜூனில் இரவு ஒன்பது தாண்டியும் வெளிச்சம் இருக்கும், ஆனால் கதவு அதுவரை திறந்திருக்காது.

கிழமை என்றால் செவ்வாய் முதல் வெள்ளி வரை சிறந்தது. சனிக்கிழமை மதியம் கல்யாணம் இருக்கலாம், கோடையில் இது சகஜம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனை. அதைவிடப் பெரிய சிக்கல், ஞாயிறன்று பல கிராமங்களுக்குப் பஸ்ஸே கிடையாது. ரயில் பாதைப் பராமரிப்பும் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான் நடக்கும். ரயிலுக்குப் பதிலாகப் பஸ்ஸில் ஏற்றி அனுப்புவார்கள், பயண நேரம் சாதாரணமாக ஒரு மணி நேரம் கூடிவிடும். கார் இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடுங்கள்.

2. விசா, லைசென்ஸ், காகிதங்கள்

பிரிட்டனில் ஏற்கெனவே இருப்பவர்கள் விசாப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஸ்டாண்டர்ட் விசிட்டர் விசா வேண்டும். ஆறு மாதம் வரையான விசாவுக்கு 2025 ஏப்ரலில் 127 பவுண்டாக இருந்தது. பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கைரேகை கொடுத்த பிறகு வழக்கமாக மூன்று வாரத்துக்குள் முடிவு வரும். கோடை விடுமுறைக் கூட்டத்தில் தாமதமாகலாம், அதனால் அந்த மூன்று மாதக் காலம் தொடங்கியதுமே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். வங்கிக் கணக்கு விவரம், வேலை செய்யும் இடத்திலிருந்து கடிதம், தங்குமிடத் திட்டம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். சொத்துப் பத்திரம், சான்றிதழ் எதுவும் தமிழில் இருந்தால் சான்றளித்த மொழிபெயர்ப்பு கட்டாயம் வேண்டும். பலர் கோட்டை விடுகிற இடம் இது. விசா கையில் வரும்வரை பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட் எதையும் வாங்காதீர்கள்.

சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குச் சுற்றுலாவுக்கு விசா வேண்டாம். ஆனால் 2025 ஜனவரியிலிருந்து மின்னணுப் பயண அனுமதி எடுத்தாக வேண்டும். கட்டணம் 2025 ஏப்ரலில் 16 பவுண்டாக இருந்தது, செல்பேசிச் செயலியிலேயே முடிந்துவிடும்.

கார் ஓட்ட நினைத்தால், இந்திய அல்லது இலங்கை லைசென்ஸை வைத்து 12 மாதம் வரை சிறிய வண்டி ஓட்டலாம். சட்டம் இடம் கொடுத்தாலும் வாடகைக் கார் நிறுவனங்களுக்குத் தனி விதிகள் உண்டு. ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள், டெபிட் கார்டு பல இடங்களில் செல்லாது. 25 வயதுக்குக் கீழே என்றால் கூடுதல் கட்டணம் கேட்பது வழக்கம். வண்டியில் கீறல் விழுந்தால் நீங்கள் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். சஃபோக்கின் ஒடுக்கமான சாலைகளில் வேலிச்செடி உரசுவது நடக்காத விஷயமல்ல.

3. ஒரு நாளைக்கு மூன்று போதும்

வரைபடத்தில் பார்த்தால் இரண்டு மைலுக்கு ஒரு சர்ச் இருக்கும். பத்துப் பார்த்துவிடலாம் என்று ஆசை வரும். வேண்டாம். மூன்றாவதைத் தாண்டினால் எந்தக் கூரையில் தேவதூதர்கள் இருந்தார்கள், எந்தச் சுவரில் ஓவியம் இருந்தது என்று எல்லாம் குழம்பிவிடும். ஒரு பெரியது, ஒரு சிறியது, வழியில் இன்னொன்று. அவ்வளவுதான்.

பட்டியல் போட ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தை எடுங்கள், ஆரஞ்சு அட்டை போட்டது. அதில் சர்ச்சுகளுக்கு மூன்று குறிகள் உண்டு. கறுப்புச் சதுரத்தின் மேல் சிலுவை இருந்தால் கோபுரம் உண்டு. கறுப்பு வட்டத்தின் மேல் சிலுவை என்றால் கூர்முனைக் கோபுரம். வெறும் சிலுவை என்றால் இரண்டும் இல்லை. பச்சைப் புள்ளிக்கோடுகள் பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள வயல்வழிகள். ஒரு சர்ச்சிலிருந்து இன்னொன்றுக்கு அந்த வழியில் நடந்து போவது இந்தப் பயணத்தின் பாதி இன்பம்.

பெயர் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். இங்கே ஊருக்கு ஊர் செயின்ட் மேரி சர்ச் உண்டு, அதனால் சர்ச்சின் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் எங்கேயாவது கொண்டுபோய் விடும். ஊர்ப் பெயரை முழுவதும் போடுங்கள். பங்கேக்கும் ஹேல்ஸ்வொர்த்துக்கும் நடுவே ஒரு கொத்துக் கிராமங்கள் இருக்கின்றன. எல்லாம் புனிதர்களின் பெயரில் அமைந்தவை என்பதால் அந்தப் பகுதியையே "செயின்ட்ஸ்" என்கிறார்கள். அங்கே செயின்ட் மார்கரெட் சவுத் எல்மம் என்று ஓர் ஊர், இல்கெட்ஷல் செயின்ட் மார்கரெட் என்று இன்னோர் ஊர். இரண்டிலும் பழைய சர்ச் உண்டு. சாவிக்காக ஒருவர் ஓர் ஊரில் காத்திருக்க, நீங்கள் மற்ற ஊரில் நிற்பீர்கள்.

4. திறந்திருக்குமா? சாவி யாரிடம்?

இதற்கு நேரம் செலவழியுங்கள், இதில்தான் பயணமே நிற்கிறது.

இங்கிலாந்துத் திருச்சபைக்கு "எ சர்ச் நியர் யூ" என்ற இணையதளம் உண்டு. ஊர்ப் பெயரைப் போட்டால் ஆராதனை நேரமும் தொடர்பு எண்ணும் கிடைக்கும். ஒரு பாதிரியார் ஐந்து, எட்டு, பத்து ஊர்களைக்கூடச் சேர்த்துப் பார்ப்பார். அதனால் ஒவ்வொரு ஊரிலும் வாராவாரம் ஆராதனை இருக்காது. முதல் ஞாயிறு இங்கே, மூன்றாவது ஞாயிறு அங்கே என்று சுற்றிவரும். சுற்றுலாப் பயணிகளுக்கான விவரம் வேண்டுமென்றால் நேஷனல் சர்ச்சஸ் டிரஸ்ட் தளத்தைப் பாருங்கள். ஆராதனை நின்றுபோன சர்ச்சுகளில் 350-க்கும் மேற்பட்டவற்றைச் சர்ச்சஸ் கன்சர்வேஷன் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பராமரிக்கிறது. அவற்றின் திறப்பு நேரம், சாவி விவரம் அவர்கள் தளத்திலேயே இருக்கும்.

இணையத்தில் "தினமும் திறந்திருக்கும்" என்று போட்டிருந்தாலும் ஒரு வாரம் முன்பு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். கூரை வேலை, சாரம், கல்யாணம், துக்கம் என்று எதுவும் இருக்கலாம். பதில் வராவிட்டால் போன் செய்யுங்கள். யாருக்குச் செய்வது? சர்ச்வார்டனுக்கு. அவர் சம்பளம் வாங்கும் ஊழியர் அல்ல, ஊர்க்காரர், பெரும்பாலும் வயதானவர். காலை பத்து மணிக்குப் பிறகு, சாப்பாட்டு நேரம் தவிர்த்துக் கூப்பிடுங்கள். பெயர், எந்த நாள், எந்த நேரம், எத்தனை பேர், முக்கியமாக எதைப் பார்க்க ஆசை என்று ஐந்தையும் சொல்லுங்கள். கடைசி விவரத்தை விட்டுவிடாதீர்கள். கூரையைப் பார்க்க வருகிறோம், பழைய கண்ணாடியைப் பார்க்க வருகிறோம் என்று சொன்னால் அவர்கள் குரலே மாறிவிடும். கூடவே வந்து சுற்றிக் காட்டுகிறவர்களும் உண்டு.

முன்னறிவிப்பு இல்லாமல் போய்ப் பூட்டியிருந்தால் முகமண்டபத்து அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். "சாவி இன்ன வீட்டில்" என்று இரண்டு மூன்று எண்கள் எழுதியிருக்கும். கிராமத்தில் சிக்னல் கிடைக்காமல் போகலாம், எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு மேட்டுப் பக்கம் நடந்து போய்க் கூப்பிடுங்கள். சாவியைக் கொடுத்தார்கள் என்றால் திரும்பக் கொடுக்க வேண்டிய நேரத்தையும் இடத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். சில சாவிகள் ஒரு சாண் நீளம், நல்ல கனம். சட்டைப் பையில் போடாதீர்கள்.

பூட்டி வைப்பதற்குக் காரணம் உண்டு. கூரை ஈயத்தகட்டைத் திருடும் கும்பல்களால் பல சர்ச்சுகள் நொந்து போயிருக்கின்றன. கூரையில் அலாரம் வைத்திருப்பார்கள். கோபுரக் கதவையோ ஏணியையோ நீங்களாகத் தொடாதீர்கள்.

5. போய்ச் சேர்வது

லண்டனிலிருந்து எல்லாம் லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷன் வழிதான். இப்ஸ்விச் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து லோஸ்டாஃப்ட் போகும் வண்டி உட்பிரிட்ஜ், சாக்ஸ்மண்டம், டார்ஷம், ஹேல்ஸ்வொர்த், பெக்கிள்ஸ் வழியாகப் போகும். மேற்கு சஃபோக்குக்கு மார்க்ஸ் டே ஸ்டேஷனில் இறங்கிச் சட்பரி கிளைப்பாதை வண்டியைப் பிடிக்க வேண்டும். அது இருபது நிமிடப் பயணம்.

ரயில்கார்டு இல்லாமல் போகாதீர்கள். 16 முதல் 25 வயதுக்காரர்களுக்கான கார்டும், இருவர் சேர்ந்து போவதற்கான டூ டுகெதர் கார்டும் ஆண்டுக்கு 35 பவுண்டு. டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஆனால் டூ டுகெதர் கார்டு வாரநாட்களில் காலை 9.30-க்கு முன் செல்லாது. 16-25 கார்டுக்கு வாரநாட்களில் காலை 10 மணிக்கு முன் குறைந்தபட்சக் கட்டணம் 12 பவுண்டு, ஜூலை, ஆகஸ்ட் தவிர. மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்து போனால் கார்டே வேண்டாம், குழுச் சலுகை உண்டா என்று டிக்கெட் எடுக்கும்போது கேளுங்கள்.

பஸ்ஸில் ஒரு வழிப் பயணத்துக்கு உச்சவரம்பு 3 பவுண்டு. கட்டணத்தில் கவலை இல்லை, நேரத்தில்தான் கவலை. கடைசி பஸ் மாலை ஐந்து மணிக்கே போய்விடலாம். போகும் பஸ்ஸைப் பார்ப்பதற்கு முன் திரும்பும் பஸ்ஸைப் பாருங்கள். டாக்ஸியும் சென்னையில் ஆட்டோ பிடிப்பதுபோல் தெருவில் கிடைக்காது, முதல் நாளே போன் செய்து சொல்லி வைக்க வேண்டும். செயலி வழி வண்டிகளை நம்பி இறங்காதீர்கள்.

காரில் போகிறவர்களுக்கு: அஞ்சல் குறியீடு கிராமத்தில் பரந்த இடத்தைக் குறிக்கும், அதைப் போட்டால் யாரோ ஒருவரின் பண்ணை வாசலில் போய் நிற்பீர்கள். சர்ச்சின் மேலேயே புள்ளி வைத்து வழி கேளுங்கள். ஒற்றைத்தடச் சாலையில் எதிரே வண்டி வந்தால் ஒதுங்குமிடத்துக்கு யார் அருகில் இருக்கிறாரோ அவர்தான் வண்டியைப் பின்னோக்கி எடுக்க வேண்டும். ரிவர்ஸ் எடுக்கத் தயங்குகிறவர்கள் ஊரில் கொஞ்சம் பழகிக்கொண்டு வாருங்கள். வயல் கேட் முன்னால் மட்டும் நிறுத்தவே கூடாது. ஆள் நடமாட்டமே இல்லாததுபோல் தெரியும், ஆனால் அறுவடைக் காலத்தில் டிராக்டர் எந்த நிமிடமும் வரும்.

6. பையில் என்ன இருக்க வேண்டும்

ஸ்வெட்டர், ஆகஸ்டிலும்கூட. வெளியே 25 டிகிரி என்றாலும் கல் கட்டடத்துக்குள் பத்து நிமிடத்தில் உடம்பு சில்லிட்டுவிடும். கண்டிப்பாக ஒரு சிறிய பைனாகுலர். சஃபோக்கின் மிகச் சிறந்த வேலைப்பாடு பாதிக்கு மேல் கூரையில்தான் இருக்கிறது, வெறும் கண்ணுக்கு அது பழுப்பு மரம் மட்டும்தான். டார்ச், தண்ணீர், சாப்பாடு. கிராமத்து பப்களில் மதியச் சமையலறை இரண்டு மணி, இரண்டரைக்கு மூடிவிடும், திங்கள் செவ்வாயில் சில திறப்பதே இல்லை. சைவம் சாப்பிடுகிறவர்கள் கட்டுச்சாதம் எடுத்துப் போவதே நிம்மதி. சர்ச் வளாகத்து பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடலாம், கல்லறைகளின் மேல் உட்காராதீர்கள். அங்கே இன்றும் அடக்கம் நடக்கிறது, பூ வைக்கக் குடும்பத்தார் வருவார்கள்.

கழிப்பறை பல சர்ச்சுகளில் கிடையாது. ரயில் நிலையத்திலோ ஊர்க் கடைத்தெருவிலோ முடித்துக்கொண்டு கிளம்புங்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் பாதையையே இதை வைத்துத்தான் போட வேண்டும்.

7. கதவைத் திறப்பது

சிரிக்காதீர்கள், இதற்குத் தனி எண் கொடுக்கக் காரணம் இருக்கிறது. "பூட்டியிருந்தது" என்று திரும்பி வந்தவர்களில் பலர் திறந்திருந்த கதவிலிருந்தே திரும்பியவர்கள்.

பெரும்பாலும் வாசல் தெற்குப் பக்கம், முகமண்டபத்துக்குள் இருக்கும். முதலில் கம்பிவலை போட்ட ஒரு கதவு. அதைத் தாண்டினால் கருத்துப்போன ஓக் மரக் கதவு, அதில் உள்ளங்கை அகல இரும்பு வளையம். இழுத்தால் வராது. வளையத்தைப் பிடித்து ஒரு பக்கம் முழுவதும் திருகுங்கள், அசையாவிட்டால் மறுபக்கம். உள்ளே தாழ்ப்பாள் தூக்கும் சத்தம் "டக்" என்று கேட்கும். அப்போது வளையத்தை விடாமல் தோளால் தள்ளுங்கள். ஈரமான நாட்களில் மரம் ஊதியிருக்கும், பலமாகத்தான் தள்ள வேண்டும். திறந்ததும் வேகமாகக் காலை வைக்காதீர்கள். உள்தரை ஒன்றிரண்டு படி தாழ்ந்திருக்கும், வெயிலிலிருந்து போகும்போது கண்ணுக்குத் தெரியாது.

உள்ளே போனதும் அந்தக் கம்பிவலைக் கதவை மூடுங்கள், வெளியே வரும்போதும் மூடுங்கள். முகமண்டபத்தில் தகைவிலான் குருவிகள் கூடு கட்டும். ஒன்று உள்ளே பறந்துவிட்டால் வெளியேற வழி தெரியாமல் ஜன்னலில் மோதி, தண்ணீரின்றிச் செத்துப்போகும். "தயவுசெய்து மூடவும்" என்று கையால் எழுதிய சீட்டு பல இடங்களில் ஒட்டியிருப்பது இதற்காகத்தான்.

செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. வயல் வழியாக வந்து சேறாக இருந்தால் முகமண்டபத்தில் விட்டுவிட்டுக் காலுறையோடு போகலாம். ஆண்கள் தொப்பியை எடுத்துவிடுவது மரபு.

8. உள்ளே எதை, எந்த வரிசையில் பார்ப்பது

முதலில் வெளியே ஒரு சுற்று, அப்புறம் உள்ளே. சஃபோக்கில் கட்டடக் கல் கிடையாது, வயலில் கிடைக்கும் சிக்கிமுக்கிக் கல்லை வைத்தே கட்டினார்கள். அதைப் பிளந்து கறுப்புப் பளபளப்பு வெளியே தெரியும்படி வெள்ளைக் கல்லோடு சேர்த்துச் சுவரில் கோலம்போல இழைத்திருப்பார்கள். லாங் மெல்ஃபர்ட் சர்ச்சின் வெளிச்சுவரில் பணம் கொடுத்தவர்களின் பெயர்களையே இந்த வேலைப்பாட்டில் எழுதியிருக்கிறார்கள்.

உள்ளே போனதும் முதலில் ஞானஸ்நானத் தொட்டி, வாசல் பக்கமே இருக்கும். எட்டுப் பக்கத் தொட்டியில் முகங்கள் சிதைந்திருந்தால் அது காலத்தால் தேய்ந்ததல்ல, மதச் சீர்திருத்தக் காலத்தில் கையால் உடைத்தது. அப்புறம் நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து கூரை. பிறகு பெஞ்சு முனைகள், ஒவ்வொன்றாக, குனிந்து. பிளைத்பர்க்கில் பெரும்பாவங்களையே பெஞ்சு முனையில் செதுக்கியிருக்கிறார்கள். சோம்பல் கட்டிலை விட்டு எழாமல் கிடக்கிறது, பெருந்தீனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அடுத்து நடுக்கூடத்தையும் பலிபீடப் பகுதியையும் பிரிக்கும் மரத்தட்டி. அதன் கீழ்ப்பகுதியில் புனிதர்களின் ஓவியம் மிஞ்சியிருக்கிறதா பாருங்கள். பலிபீடத்தின் முன்னுள்ள கம்பித் தடுப்பைத் தாண்டிப் போகாதீர்கள்.

படம் எடுக்கலாம், சுவர் ஓவியத்தின் மேல் மட்டும் ஃபிளாஷ் வேண்டாம், விரலும் படக்கூடாது. சுண்ணப்பூச்சு பொடிப்பொடியாக உதிரும். தரையில் விரிப்பு இருந்தால் அடியில் பித்தளைக் கல்லறைத் தகடு இருக்கலாம். மெல்லத் தூக்கிப் பார்த்துவிட்டு மடிப்பில்லாமல் திரும்பப் போடுங்கள். லாங் மெல்ஃபர்டுக்குப் பக்கத்தில் ஆக்டன் சர்ச்சில் சர் ராபர்ட் டி பியூர்ஸ் என்ற வீரரின் தகடு இருக்கிறது, இரும்பு வலைக்கவசத்தின் ஒவ்வொரு கண்ணியும் தெரியும். காகிதத்தை வைத்து மெழுகால் தேய்த்துப் பிரதி எடுக்க விரும்பினால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், கட்டணமும் உண்டு.

பெஞ்சு மேல் கறுப்பாக எலிப் புழுக்கைபோல் கிடந்தால் அது வௌவால் எச்சம். அவை சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர்கள். தொந்தரவு செய்யாமல் வேறு பெஞ்சில் உட்காருங்கள்.

9. பணம்

நுழைவு இலவசம். ஆனால் இந்தக் கட்டடங்களை அரசாங்கம் பராமரிக்கவில்லை. அந்த ஊரின் சில டஜன் மனிதர்கள் சேர்ந்துதான் கூரை ஓட்டையை அடைக்கிறார்கள். ஆளுக்கு மூன்று முதல் ஐந்து பவுண்டாவது போடுங்கள். சுவரில் பதித்த சிறிய இரும்புப் பெட்டி இருக்கும். சில இடங்களில் கார்டு தேய்க்கும் கருவி உண்டு, சிக்னல் இல்லாமல் அது வேலை செய்யாத நாளும் உண்டு. ஆகவே ஒரு பவுண்டு, இரண்டு பவுண்டு நாணயங்களாகப் பத்துப் பதினைந்து பவுண்டு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஊர்க்காரர்களே எழுதிய சிறு கையேடு மேஜையில் இருக்கும், விலையைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொள்ளலாம். வாங்கிப் படியுங்கள், இணையத்தில் கிடைக்காத விவரம் அதில் இருக்கும்.

பிரிட்டனில் வரி கட்டுகிறவர்கள் கிஃப்ட் எய்ட் உறையில் பெயர், முகவரி எழுதிப் போட்டால் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் வரித்துறையிடமிருந்து சர்ச்சுக்குச் சேரும். வருகைப் பதிவேட்டிலும் மறக்காமல் எழுதுங்கள், ஊர்ப் பெயரோடு. நிதியுதவி கேட்டு விண்ணப்பிக்கும்போது எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்ட அந்த நோட்டு உதவும். தமிழில் எழுதினாலும் சரி.

10. ஆராதனை நடந்துகொண்டிருந்தால்

கல்யாணம், அடக்கம் என்றால் வெளியே காத்திருங்கள். சாதாரண ஆராதனை என்றால் உள்ளே போய்ப் பின்வரிசையில் உட்காரலாம், எந்த மதமானாலும் யாரும் கேட்க மாட்டார்கள். எட்டுப் பேர்தான் இருப்பார்கள், ஒன்பதாவது ஆளாக உங்களைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். முடிந்ததும் பெரும்பாலும் காபி உண்டு. சர்ச்சைப் பற்றிக் கேட்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

11. முதல் பயணத்துக்கு இரண்டு பாதைகள்

கார் இல்லாதவர்களுக்குச் சட்பரி பாதை. காலையில் சட்பரியில் இறங்கி முதலில் செயின்ட் கிரெகரி சர்ச். 1381 விவசாயிகள் கிளர்ச்சியில் தலை வெட்டப்பட்ட ஆர்ச்பிஷப் சைமனின் மண்டையோடு இங்கே இருக்கிறது, பார்க்க வேண்டுமென்றால் முன்பே கேட்க வேண்டும். பிறகு பழைய ரயில்பாதை நடைவழியிலோ பஸ்ஸிலோ லாங் மெல்ஃபர்ட், சுமார் மூன்று மைல். வண்ணக் கண்ணாடிக்கு இங்கே மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மூன்று முயல்கள் வட்டமாக ஓடும் ஒரு சிறிய கண்ணாடி வட்டத்தைத் தேடிப் பிடியுங்கள். ஒவ்வொரு முயலுக்கும் இரண்டு காது தெரியும், மொத்தமாக எண்ணினால் மூன்றே காதுகள். மூன்றாவதாக லாவனம். நாற்பது மீட்டருக்கு மேல் உயர்ந்த கோபுரம், கம்பளி வணிகர்களின் பணத்தில் எழுந்தது. லாவனத்திலிருந்து திரும்பும் பஸ் நேரத்தை இறங்கியதுமே நிறுத்தத்தில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

கார் அல்லது சைக்கிள் இருந்தால் ஹேல்ஸ்வொர்த் பாதை. சுமார் மூன்று மைலில் வெனஸ்டன். இங்கே நியாயத்தீர்ப்பு நாளை வரைந்த பெரிய மரப்பலகை இருக்கிறது. வெள்ளையடித்து மறைத்திருந்த பலகைகளை 1892-இல் பழுதுபார்ப்பின்போது கழற்றி வெளியே போட்டார்கள். இரவு மழை பெய்து சுண்ணாம்பைக் கழுவ, ஓவியம் தெரிந்தது. ராஜா, ராணி, பிஷப், கார்டினல் நால்வரும் கிரீடமும் தொப்பியும் மட்டும் அணிந்து, உடம்பில் துணியில்லாமல் பேதுருவின் முன் நிற்கிறார்கள். நடுவில் வர்ணமே இல்லாத வெற்றிடம் சிலுவை வடிவில் தெரியும். முன்பு அங்கே மரச்சிற்பங்கள் பொருத்தியிருந்த தடம் அது. அங்கிருந்து பிளைத்பர்க் இன்னும் இரண்டு மூன்று மைல். பைனாகுலரை வெளியே எடுங்கள், கூரையில் சிறகு விரித்த தேவதூதர்கள் முதுகோடு முதுகாக. வடக்குக் கதவில் கருகிய தடங்களும் உண்டு. 1577 ஆகஸ்ட் புயலில் உள்ளே பாய்ந்த கறுப்பு நாயின் நகக்கீறல் என்பது ஊர்க்கதை.

சைக்கிள்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பிளைத்பர்க் ஏ12 நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கிறது. லாரிகள் வேகமாகப் போகும். அந்தச் சாலையில் ஓட்டாதீர்கள், குறுக்கே கடக்க மட்டும் செய்யுங்கள்.

12. எப்போதும் பூட்டியிருக்கும் சர்ச்சுகளுக்கு

செப்டம்பர் இரண்டாவது சனிக்கிழமையைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அன்று நாடு முழுவதும் "ரைட் அண்ட் ஸ்ட்ரைட்" நடக்கும். சர்ச் நிதிக்காக ஊர்க்காரர்கள் சைக்கிளிலும் நடந்தும் ஒவ்வொரு சர்ச்சாகப் போவார்கள். வருடம் முழுவதும் பூட்டியே இருக்கும் சிறிய சர்ச்சுகள்கூட அன்று திறந்திருக்கும், வாசலில் ஒருவர் பெயர் எழுதிக்கொண்டு, தண்ணீரும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதே மாதத்தில் ஹெரிடேஜ் ஓப்பன் டேஸ் என்ற பேரில் வேறு பல கட்டடங்களும் இலவசமாகத் திறக்கும். தங்குமிடத்தை ஜூலைக்குள் பதிவு செய்துவிடுங்கள். அன்றைக்கு மட்டும், ஒரு நாளைக்கு மூன்று என்று நான் சொன்னதை நீங்கள் மீறலாம்.